கடலைப் பார்க்கத் தனிச் சாவியா?

2015-ஆம் ஆண்டு வரை, செலிப்ரிட்டி நிறுவனத்தின் சொகுசுக் கப்பல்களில் ‘மைக்கேல்ஸ் கிளப்’ என்றொரு கூடம் எல்லோருக்கும் திறந்திருந்தது. முதலில் சுருட்டுப் பிரியர்களின் இடம். பிற்பாடு பியானோ வாசிக்கும் மதுக்கூடம். இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். அந்த ஆண்டில், சூட் எனப்படும் உயர்கட்டண அறைகளில் தங்குவோருக்கு மட்டுமே இனி அனுமதி என்று அறிவித்தார்கள். கப்பல் மாறவில்லை, கூடம் மாறவில்லை. உள்ளே போகிறவர்களின் பட்டியல்தான் சுருங்கியது.

அயல்நாட்டு நிறுவனம் தன் கூடத்துக்கு என்ன பூட்டுப் போட்டால் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். 2024-ல் உலகம் முழுக்க ஏறத்தாழ 3.46 கோடிப் பேர் இத்தகைய கப்பல்களில் பயணம் செய்திருக்கிறார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் இவை புறப்படுகின்றன. மத்திய, மாநில அரசுகள் இவற்றை வருந்தி அழைக்கின்றன. அழைக்கும்போதே, வருவது எப்படிப்பட்டது என்று பார்த்துவைப்பது நல்லது. பொதுக் கூடங்களை எடுத்துச் சூட் பயணிகளுக்கு ஒதுக்குவது, எல்லாப் பயணிகளிடமும் ஒருமுறை விற்ற பொருளை ஒரு சிலரிடம் மறுபடியும் விற்பதாகும். இதற்கு வரம்பு வேண்டும். வரம்பு போடும் அதிகாரம் துறைமுகங்களுக்கும் அரசுகளுக்கும் உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டும்.

சொகுசு அறை என்பது இன்று நேற்று வந்ததல்ல. 1936-ல் அட்லாண்டிக் கடக்கத் தொடங்கிய குவீன் மேரியில் மூன்று வகுப்புகள். வகுப்புக்கு ஒரு சாப்பாட்டுக்கூடம், வகுப்புக்கு ஒரு உட்காரும் கூடம். விமானம் வந்து அந்தக் கப்பல்களின் பிழைப்பைக் கெடுத்த பிறகு, விடுமுறைக் கப்பல் என்ற புதுத் தொழில் மயாமியில் தலையெடுத்தது. ராயல் கரீபியன் நிறுவனத்தின் முதல் கப்பலான ‘சாங் ஆஃப் நார்வே’ 1970-ல் ஓடத் தொடங்கியபோது, அதன் புகைபோக்கியை ஒட்டி ஒரு கண்ணாடிக் கூடம் இருந்தது. சியாட்டில் நகரத்து ஸ்பேஸ் நீடில் கோபுரத்தைப் பார்த்து, நிறுவனர் எட்வின் ஸ்டீபனுக்கு வந்த யோசனை அது. ‘வைகிங் கிரவுன் லவுஞ்ச்’ என்று பெயர். கப்பலிலேயே உயரமான இடம். அடித்தளத்தில் மலிவான அறை எடுத்தவரும் படியேறி வந்து, கடலைப் பார்த்தபடி ஒரு கோப்பையோடு உட்காரலாம். அடுத்து வந்த பல கப்பல்களுக்கும் அந்தக் கூடமே அடையாளச் சின்னமாயிற்று; தூரத்திலிருந்து பார்த்தே அது யாருடைய கப்பல் என்று சொல்லிவிடலாம்.

அதே நிறுவனத்தின் ஒயேசிஸ், அல்லூர் கப்பல்களில் அந்த லவுஞ்ச் இருந்த இடத்தில் இன்று ‘கோஸ்டல் கிச்சன்’ என்ற உணவகம் நடக்கிறது. சூட் பயணிகளும், பல காலம் அந்த நிறுவனத்திலேயே பயணம் செய்து உச்சத் தகுதி பெற்ற சிலரும் மட்டும் அங்கே சாப்பிடலாம்.

மற்ற நிறுவனங்களும் சளைத்தவை அல்ல. நார்வீஜியன் நிறுவனம் ‘தி ஹேவன்’ என்ற பெயரில் தனி நீச்சல்குளம், தனி உணவகம், தனி லவுஞ்ச் கொண்ட ஒரு பகுதியை வளர்த்தெடுத்திருக்கிறது. எம்.எஸ்.சி. நிறுவனம் 2008-ல் ஃபேன்டேசியா கப்பலோடு ‘யாட் கிளப்’பைக் கொண்டுவந்தது; கப்பலின் முன்முகம் பார்த்த ‘டாப் செயில் லவுஞ்ச்’ அந்த வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். ‘கப்பலுக்குள் கப்பல்’ என்று விளம்பரத்திலேயே சொல்லிக்கொள்கிறார்கள். வெளியே இருக்கும் கப்பலில் இருப்பவர்களுக்கு என்ன மிச்சம் என்பதை மட்டும் எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

மிச்சம் என்ன என்பதை அறிய ஜன்னலில்லாத அறையில் தங்குகிறவரின் நிலையிலிருந்து பார்க்க வேண்டும். ‘உள் அறை’ என்பார்கள். நான்கு சுவர், இரண்டு கட்டில், ஒரு குளியலறை. விளக்கை அணைத்தால் நண்பகலும் நள்ளிரவும் ஒன்றுதான். ஓய்வூதியக்காரர்களும், சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் ஒருமுறை போகும் குடும்பங்களும் இதைத்தான் எடுப்பார்கள். தூங்க மட்டும்தானே அறை, பகலெல்லாம் மேலேதானே இருக்கப்போகிறோம் என்ற கணக்கு அவர்களுடையது. அது சரியான கணக்கும்கூட. அவர்கள் கொடுத்த கட்டணத்தில் மேல்தளத்து லவுஞ்ச்சும் அதன் கண்ணாடி ஜன்னலும் அடக்கம். அந்த லவுஞ்ச்சைத் தடுத்துத் தனியாருக்குக் கொடுக்கும்போது, உள் அறைக்காரர் இழப்பது உட்காரும் இடத்தை மட்டுமல்ல; அவருக்கிருந்த ஒரே ஜன்னலையும் சேர்த்துத்தான்.

இழப்பு எப்போது உறைக்கும் என்பதற்கு அலாஸ்காவைவிட நல்ல உதாரணம் கிடையாது. கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணிக் கப்பல்களுக்கு மேல் விடுவதில்லை. பூங்காவின் வனக்காவலர்கள் கப்பலில் ஏறிக்கொள்வார்கள். பனியாறு எப்படி நகர்கிறது, எந்தப் பறவை எங்கே கூடு கட்டுகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே வருவார்கள். மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நெடுநேரம் நிற்கும். திறந்த தளத்தில் எலும்பை ஊடுருவும் குளிர்காற்று. ஆகவே பாட்டி, பேரன், முழங்கால் வலிக்காரர், கைக்குழந்தைக்காரி என்று பாதிக் கப்பல் முன்பக்கத்து லவுஞ்ச்சின் கண்ணாடியோரம் குவிந்துவிடும். பனிப்பாளம் உடைந்து விழும்போது ஒரே நேரத்தில் நூறு வாயிலிருந்து ‘ஆ’ என்று வரும். அந்தக் காட்சி அமெரிக்க மக்களின் பொதுச்சொத்து. விளக்கம் சொல்கிற காவலர் அரசு ஊழியர். அதைப் பார்க்கும் ஜன்னலை மட்டும் தனி அட்டைக்காரருக்குப் பூட்டிவைப்பது என்ன நியாயம்? அந்தப் பூங்காவுக்குள் கப்பல்கள் ஒப்பந்தம் பெற்றுத்தான் நுழைகின்றன. முன்பக்கத்து லவுஞ்ச்சைப் பொதுவில் வைத்திருக்கும் கப்பலுக்கே முன்னுரிமை என்று அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பது பூங்கா நிர்வாகத்துக்குப் பெரிய காரியமல்ல.

எதிர்த்தரப்புக்கும் வாதங்கள் உண்டு. காலியாகக் கிடந்த கூடத்தைத்தானே எடுத்தோம் என்பது முதலாவது. மூன்று மணி வெயிலில் எந்த லவுஞ்ச்சும் காலியாகத்தான் இருக்கும். துறைமுகம் நெருங்கும் காலையில் வந்து எண்ணிப் பார்க்கட்டும். உண்மையான காரணம் வேறு. பொது லவுஞ்ச்சில் ஒருவர் ஒரு தேநீரோடு மூன்று மணி நேரம் புத்தகம் படிப்பார். அதே சதுர அடியில் சூட் கட்டினால், அல்லது சூட் விற்க உதவும் தனிக் கூடம் அமைத்தால், ஒவ்வொரு பயணத்துக்கும் பணம் கொட்டும். வியாபாரக் கணக்கு என்று நேராகச் சொல்லிவிட்டால் குறைந்தபட்சம் நேர்மையாவது மிஞ்சும்.

இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. சூட்காரர் கொடுக்கும் பணம்தான் கீழ்த்தள அறைகளின் கட்டணத்தை மலிவாக வைக்கிறது என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், லவுஞ்ச்சை எடுத்துவிட்டோம், அதனால் உள் அறைக் கட்டணத்தைக் குறைத்துவிட்டோம் என்று எந்த நிறுவனமும் விளம்பரம் கொடுத்து நாம் பார்த்ததில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் கப்பல்கள் முடங்கியபோது இந்த நிறுவனங்கள் கடனில் மூழ்கியது மெய். கார்னிவல் நிறுவனத்தின் கடன் ஒரு கட்டத்தில் 3,000 கோடி டாலரைத் தாண்டியது. அப்போது எந்தச் சதுர அடியையும் காசாக்கத் துடித்ததைப் புரிந்துகொள்ளலாம். ராயல் கரீபியன் குழுமம் 2024-ல் ஈட்டிய நிகர லாபம் சுமார் 290 கோடி டாலர். முடக்கக் காலத்துக் காரணம் இனியும் செல்லாது.

காசு கொடுப்பவனுக்கு வசதி, இது எங்கும் உள்ளதுதானே என்பது மூன்றாவது. உள்ளதுதான். நம் கோயில்களிலேயே சிறப்பு தரிசனச் சீட்டு இருக்கிறது. அதைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஆனாலும், சீட்டு வாங்கியவர் சீக்கிரம் போய்ச் சேர்கிறார், தர்ம தரிசன வரிசையில் கால்கடுக்க நின்றவரும் கடைசியில் அதே சந்நிதிக்குத்தான் வந்து சேர்கிறார். கப்பலில் நடப்பது வரிசையைப் பிரிப்பதல்ல. சந்நிதியையே தனியாருக்கு எழுதிவைப்பது. பெரிய கட்டில், தனி பால்கனி, பட்லர், நீராவிக் குளியல் எல்லாம் சூட்காரருக்கு இருக்கட்டும். 1972-லேயே குவீன் எலிசபெத் 2 கப்பலின் மேல்தளத்தில் பென்ட்ஹவுஸ் அறைகளைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். அதை நாம் குறை சொல்லவில்லை. 2016-ல் குவீன் மேரி 2-ஐப் புதுப்பித்தபோது, சூதாட்டக் கூடத்திலும் புகைப்படக் கூடத்திலும் இடம் எடுத்துத் தனியாளுக்கென 15 அறைகள் கட்டினார்கள். சூதாட்ட மேசைகள் குறைந்ததற்காகக் கண்ணீர் விடவும் நாம் தயாரில்லை. எந்த இடம் போகிறது, யாருக்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

தொழில்நுட்பம் இடம் கொடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2024 ஜனவரியில் முதல் பயணம் போன, ஏறத்தாழ 2.5 லட்சம் டன் கொள்ளளவுள்ள ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் சூட்காரர்களுக்கென்று தனிப் பேட்டையே உண்டு. ஆனால் கப்பலின் முன்னுச்சியில் இருக்கும் ‘அக்வாடோம்’ கண்ணாடிக் குவிமாடமும், அதற்குள் கடலைப் பார்த்த ‘ஓவர்லுக்’ லவுஞ்ச்சும் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. நாம் குறை சொன்ன அதே ராயல் கரீபியன்தான் இதையும் செய்திருக்கிறது. மனம் இருந்தால் முடியும், லாபமும் குறையாது என்பதற்கு அவர்களே சாட்சி. செய்துதான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் மற்றவர்களும் செய்வார்கள்.

யார் சொல்வது? பெரும்பாலான கப்பல்கள் பஹாமாஸ், பனாமா, மால்டா கொடிகளின் கீழ் ஓடுகின்றன. பயணிக்கு உயிர்காப்புப் படகில் இடம் உண்டா என்று பார்க்கச் சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது. உட்கார இடம் உண்டா என்று பார்க்க ஒன்றும் இல்லை. இப்படியெல்லாம் விதி போட முடியுமா என்று சிரிப்பவர்களுக்கு நம் கடலின் வரலாறே பதில் சொல்லும். 1926-ல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதில் போன தமிழர்களில் பெரும்பகுதியினர் அறை ஏதும் இல்லாத டெக் பயணிகள். பாயை விரித்து, தகரப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, உப்புக்காற்றில் படுத்துக்கொண்டு போனவர்கள். இத்தகைய பயணிகளையும் ஹஜ் யாத்திரைக் கப்பல்களையும் மனத்தில் வைத்து 1971-ல் சிறப்பு வணிகப் பயணிக் கப்பல்களுக்கென ஒரு சர்வதேச ஒப்பந்தமும், 1973-ல் இடவசதியை மட்டுமே வரையறுக்கும் நெறிமுறையும் வந்தன. படுக்கை இல்லாத ஏழைப் பயணிக்கு இத்தனை இடம் தர வேண்டும் என்று உலகம் கூடி எழுதியிருக்கிறது. கப்பல் ஊழியர்களுக்கும் அப்படியே. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, அவர்களுடைய படுக்கையறையின் பரப்பையும் பொழுதுபோக்கு வசதியையும் கட்டாயமாக்குகிறது. இந்தியா 2015-ல் அதை ஏற்றுக்கொண்டது. பாத்திரம் கழுவுபவருக்கு உறுதி செய்யப்பட்டிருக்கும் பொதுக் கூடம், பணம் கட்டிய பயணிக்கு இல்லை என்பது விசித்திரம்.

இந்தியாவுக்கு இது நல்ல தருணம். 2024 செப்டம்பரில் மத்திய அரசு ‘குரூஸ் பாரத் மிஷன்’ திட்டத்தைத் தொடங்கியது. 2029-க்குள் கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவது அதன் நோக்கம். துறைமுக முனையங்கள் கட்டுவது, கட்டணச் சலுகை தருவது என்று பொதுப்பணம் செலவாகிறது. 2022 ஜூனில் முதல்வர் மு.க. ஸ்டாலின் சென்னையில் கொடியசைத்து அனுப்பிவைத்த கார்டீலியா கப்பல், 1990-ல் ராயல் கரீபியனுக்காகக் கட்டப்பட்டது. 2023-ல் இலங்கையின் காங்கேசன்துறை வரை போய்வந்ததும் அதுதான். கார்டீலியா நிறுவனம் அடுத்து வாடகைக்கு எடுப்பதாக அறிவித்த நார்வீஜியன் ஸ்கை, நார்வீஜியன் சன் ஆகிய இரண்டும் 1999, 2001-ஆம் ஆண்டுகளில் ஓடத் தொடங்கியவை. அதாவது, சுவர் எழுப்பும் மோகம் பரவுவதற்கு முன் வரையப்பட்ட கப்பல்கள். புதுப்பிக்கும்போதுதான் ஆபத்து. எந்தக் கூடம் எல்லோருக்கும், எது சிலருக்கு என்று அப்போதுதான் கோடு போடுவார்கள்.

ஆகவே, துறைமுகச் சலுகை பெறும் எந்தக் கப்பலும், முன்பக்கமோ உச்சியோ, கடலை நன்றாகப் பார்க்கக்கூடிய மூடிய கூடம் ஒன்றையாவது எல்லாப் பயணிகளுக்கும் திறந்துவைக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்க வேண்டும். படுக்கைகளைக் கூட்டினால் அதற்கேற்பப் பொது இருக்கைகளும் கூட வேண்டும். முன்பதிவுப் பக்கத்தில் காட்டும் தள வரைபடத்தில் தனியார் பகுதிகள் வேறு நிறத்தில் தெரிய வேண்டும். இப்போது பல பயணிகள் கதவின் முன்னால் போய் நின்ற பிறகுதான் அறிகிறார்கள். பதிவு செய்த பிறகு ஒரு பொதுக் கூடம் தனியாருக்குப் போனால், விரும்புகிறவர் முழுப் பணத்தையும் திரும்பப் பெற்று விலகிக்கொள்ளலாம் என்றும் இருக்க வேண்டும். வசதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வோம் என்று பயணச்சீட்டின் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க வழி செய்திருக்கிறது; ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்களையும் அது கேள்வி கேட்கிறது. கப்பல் அமைச்சகம் வழக்குகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சலுகை கேட்டு வரும் அடுத்த விண்ணப்பத்தோடு, புதுப்பித்தலுக்கு முந்தைய தள வரைபடத்தையும் பிந்தைய தள வரைபடத்தையும் சேர்த்தே கேட்டு வாங்கட்டும்.