வெளிமானுக்கு வெளி வேண்டாமா?

கிண்டிக்குப் போகாத குழந்தை சென்னையில் உண்டா? மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு, எங்கே குடியிருந்தாலும் சரி. விடுமுறை வந்தால் குடும்பத்தோடு கிண்டி சிறுவர் பூங்காவுக்குக் கிளம்பிவிடுவார்கள். குரங்கைப் பார்ப்பார்கள். மானைப் பார்ப்பார்கள். பக்கத்திலேயே பாம்புப் பண்ணை. அங்கேயும் ஒரு நடை போவார்கள். 2024-ல் சிறுவர் பூங்கா புதுப்பிக்கப்பட்ட பிறகு கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா?

அந்தப் பூங்காவுக்குப் பின்னால் ஒரு காடு இருக்கிறது. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. நிஜமான காடு! சுமார் 670 ஏக்கர். அதற்குள் இஷ்டம்போல் யாரும் நுழைய முடியாது.

"இவ்வளவு பெரிய இடத்தை ஏன் பூட்டி வைக்க வேண்டும்? திறந்துவிட்டால் மக்கள் காற்று வாங்கலாமே" என்று கேட்பவர்கள் பலர். கால் நீட்ட இடமில்லாத ஊரில் இப்படிக் கேட்காவிட்டால்தான் அதிசயம். ஆனாலும் திறக்கக் கூடாது. திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் காட்டின் கதையே சாட்சி.

பாதி எங்கே போயிற்று?

ஒரு காலத்தில் இந்தக் காடு கில்பர்ட் ரோடரிக்ஸ் என்ற வெள்ளைக்காரருக்குச் சொந்தமாக இருந்தது. 1821-ல் அரசாங்கம் அதை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. இன்று தியாகராய நகரில் அந்தப் பணத்துக்கு ஒரு பாய் விரிக்கும் இடம்கூடக் கிடைக்காது.

1910-ல் இதைக் காப்புக் காடு என்று அறிவித்தார்கள். அப்போது பரப்பு 505 ஹெக்டேர். அதாவது 1,200 ஏக்கருக்கு மேல். இன்று தேசியப் பூங்காவாக மிஞ்சியிருப்பது ஏறக்குறைய அதில் பாதி.

மீதியைத் திருடன் கொண்டுபோகவில்லை. நல்லவர்கள், நல்ல காரியங்களுக்காக எடுத்துக்கொண்டார்கள். 1958-ல் ஐ.ஐ.டி. கட்ட ஒரு பகுதி போயிற்று. 1970-களில் ராஜாஜிக்கும் காமராஜருக்கும் நினைவாலயங்கள் எழுந்தன. வேறு கல்வி நிலையங்களுக்கும் துண்டு துண்டாக நிலம் போயிற்று. படிப்பு கெட்ட காரியமா? தலைவர்களுக்கு நினைவாலயம் கட்டுவது தவறா? இல்லவே இல்லை. சங்கடமே அதுதான். கெட்ட காரியத்துக்குக் கேட்டால் நாலு பேர் எதிர்ப்பார்கள். நல்ல காரியத்துக்குக் கேட்டால் யார் எதிர்ப்பது? மானா வந்து மனுப் போடும்?

அதே 1958-ல் பிரதமர் நேருவின் விருப்பப்படி ஒரு பகுதி வன இலாகாவுக்குக் கொடுக்கப்பட்டது. மான் பூங்காவும் சிறுவர் பூங்காவும் அப்படித்தான் பிறந்தன. 1978-ல் மிச்சமிருந்த காடு தேசியப் பூங்கா ஆயிற்று. இனி அதன் எல்லையை மாற்ற வேண்டுமானால் தேசிய வனவிலங்கு வாரியம் பரிந்துரைக்க வேண்டும். இந்தப் பூட்டு மட்டும் இல்லாவிட்டால் மீதிப் பாதியும் ஏதாவதொரு நல்ல காரியத்துக்குப் போயிருக்கும்.

யாரும் நடாத காடு

நியூயார்க் நகரத்தின் நடுவே சென்ட்ரல் பார்க் இருக்கிறது. உலகமே புகழும் பூங்கா. ஆனால் அது மனிதர் கட்டியது. அங்கே உள்ள குளங்கள் வெட்டியவை, மரங்கள் நட்டவை. பணம் இருந்தால் இன்னொன்று கட்டலாம்.

கிண்டிக் காட்டை அப்படிக் கட்ட முடியாது. இது நம் சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி வளரும் காடு. மழை சில மாதங்கள்தான். ஆனாலும் பச்சை மாறாது. களா, காட்டு எலுமிச்சை, பனை என்று நெருக்கமாக வளரும். பார்வைக்கு அழகில்லை. முள்ளும் புதரும்தான். அதனால்தானோ என்னவோ, கடலோரத்தில் இத்தகைய காடுகளை வெட்டித் தீர்த்துவிட்டார்கள். பல ஊர்களில் சாமிக்குப் பயந்து கோயில் காட்டை மட்டும் விட்டு வைத்தார்கள். கிண்டியைக் காப்பாற்றியதில் கவர்னர் மாளிகைக்குப் பெரும் பங்கு உண்டு.

இரண்டு மான்கள்

காட்டைப் பூட்டினால் மட்டும் போதாது. இதைப் பலர் யோசிப்பதில்லை.

கிண்டியில் இரண்டு வகை மான் உண்டு. ஒன்று புள்ளிமான். அதன் கொம்பு கிளை விட்டிருக்கும். அது புதரிலும் நிழலிலும் பிழைத்துக்கொள்ளும். மற்றது வெளிமான். ஆண் வெளிமானின் கொம்பு திருகாணிபோல் முறுக்கியிருக்கும். உடம்பின் மேற்பக்கம் கறுப்பு, வயிறு வெள்ளை. அதற்குப் புல்வெளி வேண்டும். எதிரியைத் தூரத்திலேயே பார்த்து ஓடித் தப்பிக்கும் பிராணி அது. பெயரிலேயே வெளி இருக்கிறது, பாருங்கள்!

கிண்டியில் புள்ளிமான் அதிகம். வெளிமான் குறைவு. போலோ மைதானம் என்று சொல்லப்படும் புல்வெளிதான் வெளிமானுக்கு வீடு. புதரும் மரமும் புல்வெளிக்குள் நுழைந்துகொண்டே இருக்கும். அவற்றை அகற்றாவிட்டால் வெளிமான் எங்கே போகும்? சுற்றிலும் சுவர். சுவருக்கு அப்பால் ரோடும் பஸ்ஸும்.

கோடிக்கரைக்குப் போனவர்களுக்கு இது தெரியும். அங்கே கடலோரப் புல்வெளியில் வெளிமான்கள் உண்டு. 1967-லேயே சரணாலயம் ஆக்கினார்கள். சட்டத்தின் காவல் இருந்தும் சீமைக் கருவேல் உள்ளே புகுந்து புல்லை விழுங்கியது. யாரும் அதை உள்ளே விடவில்லை. கால்நடை காயைத் தின்று விதையைப் பரப்பியது.

நம்மவர்களுக்கு மரம் நடுவது என்றால் உயிர். பிறந்த நாளுக்கு ஒரு கன்று, விழாவுக்கு நூறு கன்று. தெருவில் நடட்டும், பள்ளிக்கூடத்தில் நடட்டும், நல்லதுதான். ஆனால் வெளிமானின் புல்வெளியில் ஒரு கன்றுகூட நடக் கூடாது. வன இலாகா அங்கே சீமைக் கருவேலை வெட்டினால், "ஐயோ, மரத்தை வெட்டுகிறார்களே" என்று யாரும் பதறவும் வேண்டாம்.

அது மட்டுமல்ல. மானுக்கு உப்பு ருசி பிடிக்கும். தின்பண்டம் ஒட்டிய பிளாஸ்டிக் பையை அப்படியே விழுங்கிவிடும். பை செரிக்காது. இறந்த மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது என்று கிண்டிப் பக்கமிருந்து பலமுறை செய்தி வந்திருக்கிறது. சுவர் மனிதனைத் தடுக்கும். காற்றில் பறக்கும் பையைத் தடுக்குமா?

ஆகவே வன இலாகாவைக் கேட்க வேண்டிய கேள்வி, "கதவை எப்போது திறப்பீர்கள்?" என்பதல்ல. "போலோ மைதானத்தில் புல் எப்படி இருக்கிறது? இந்த ஆண்டு எத்தனை வெளிமான் குட்டி போட்டது?" என்றுதான் கேட்க வேண்டும். சிறுவர் பூங்கா வாசலிலேயே ஒரு பலகை வைத்து, ஆண்டுதோறும் அந்தக் கணக்கை எழுதிப் போடலாம். பெரிய செலவு ஒன்றும் ஆகாது.