குற்றவாளி டி.வி.க்குப் பின்னால்

100 மெகாபிட் போதவில்லை என்று 300 மெகாபிட் திட்டத்துக்கு மாறுகிறார் அப்பா. மாதக் கட்டணம் ஏறுகிறது. மகனின் ஆன்லைன் ஆட்டமோ முன்போலவே நடுநடுவே உறைந்து நிற்கிறது. நகரத்து வீடுகள் பலவற்றில் நடக்கும் இந்த நாடகத்தில் பழி இணைப்பின் மீது விழுகிறது. பல சமயம் உண்மையான குற்றவாளி, டி.வி.க்குப் பின்னால் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் ரூட்டர்.

பெரும்பாலான ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நொடிக்கு ஒரு மெகாபிட்கூடத் தேவையில்லை. தேவை, சீரான தாமதம். ஒரு தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரத்தைத்தான் 'பிங்' என்கிறார்கள். அது 40 மில்லிசெகண்டாகவே இருந்தால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடும். திடீரென 400-க்குத் தாவினால் ஆள் காலி.

முதல் வேலை, கோளாறு எங்கே என்று பிரித்துப் பார்ப்பது. கம்ப்யூட்டரின் கட்டளைத் திரையில் 'பிங்' கட்டளையோடு ரூட்டரின் முகவரியைத் தர வேண்டும் (பல ரூட்டர்களில் இது 192.168.1.1). பதில் சில மில்லிசெகண்டில் சீராக வந்தால் வீட்டுக்குள் பிரச்சினை இல்லை. எண்கள் தாறுமாறாக எகிறினால் கோளாறு வை-ஃபையில். கேபிளில் இணைத்ததும் அது மறைந்தால் சந்தேகமே வேண்டாம்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே: 1, 6, 11. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரூட்டர்கள் இந்த மூன்றுக்குள் முட்டி மோதுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இரைச்சல் போடுகிறது. மாற்று, 5 கிகாஹெர்ட்ஸ். ஆனால் அது சுவர்களைத் தாண்டத் திணறும் என்பதால் ரூட்டரை அலமாரிக்குள்ளிருந்து திறந்த இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதைவிடச் சிறந்த வைத்தியம், சுவரோரமாக ஒரு லேன் கேபிள்.

கேபிள் போட்டும் ஆட்டம் திக்கினால்? அம்மாவின் செல்போன் கல்யாண வீடியோவைச் சத்தமில்லாமல் இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கலாம். அனுப்ப வேண்டிய தகவல்களை ரூட்டர் வரிசையில் நிறுத்தி வைக்கிறது. மேலேற்றும் வேகம் 10 மெகாபிட், வரிசையில் நிற்பது 1 மெகாபைட் என்றால், கடைசியில் வந்து சேரும் துப்பாக்கிக் குண்டு 800 மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும். இந்த நோய்க்கு 'பஃபர்புளோட்' என்று பெயர். வரிசையை நீள விடாமல் தடுக்கும் 'கோடெல்' முறையை கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் வெளியிட்டார்கள். ரூட்டரின் அமைப்புகளில் 'எஸ்.க்யூ.எம்.' இருந்தால் அதை இயக்கி, வேக வரம்பை அளந்த வேகத்தில் 90 சதவீதமாக வைத்தால் போதும். பத்து சதவீத வேகத்தைத் தியாகம் செய்தால் தாமதம் அடங்கிவிடும்.

ஆட்டம் ஓடுகிறது, ஆனால் நண்பர்களின் குரல் கேட்கவில்லை, ஒரே அறையில் சேர முடியவில்லை என்றால் வேறு கோளாறு. இணைய நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டியே பெரும்பாலும் ஒரு ரூட்டர்தான். அதன் பின்னால் இன்னொன்றை வாங்கி மாட்டினால் முகவரி மாற்றம் இரண்டு முறை நடக்கிறது. ஒன்றை 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றுவதே தீர்வு. ரூட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்கிறார்கள் என்று அர்த்தம். அதை வீட்டிலிருந்து சரிசெய்ய முடியாது. தனி முகவரி கேட்டு நிறுவனத்திடம்தான் போக வேண்டும். அவசரத்தில் 'டி.எம்.ஸெட்.' வசதியை இயக்குவது வாசல் கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம்.

மின்தடையும் ஒரு வில்லன். இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கணத்தில் சில ரூட்டர்கள் அணைந்து, மீண்டும் எழ ஓரிரு நிமிடங்கள் எடுக்கும். ரூட்டருக்கென்று கிடைக்கும் சின்ன யு.பி.எஸ். அதைத் தடுக்கும்.

எந்த ரூட்டராலும் குறைக்க முடியாதது தூரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடுகிறது. தில்லியிலிருந்து 4,000 கி.மீ.க்கு மேல் தள்ளியிருக்கும் சிங்கப்பூர் சர்வருக்குப் போய்வரக் குறைந்தது 40 மில்லிசெகண்ட் ஆகும். இந்தியாவுக்குள் சர்வர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

இவ்வளவுக்குப் பிறகும் கேபிளில் எண்கள் எகிறினால் கோளாறு வெளியேதான். காலையிலும் இரவு ஒன்பது மணிக்கும் எடுத்த பிங் அளவுகளோடு புகார் செய்பவரை, "ரூட்டரை ஆஃப் செய்து ஆன் பண்ணுங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது எளிதல்ல.