திரையின் வெளிச்சம் யார் கையில்?



"உனக்குத்தான் கண்ணு தெரியாதே, ஸ்க்ரீன் வெளிச்சம் கூடினா என்ன, குறைஞ்சா என்ன? மொட்டைத் தலைக்குச் சீப்பு எதுக்குப்பா?"

லேப்டாப் வைத்திருக்கும் பார்வையற்றவர்களில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர் குறைவு. கேட்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. நானும் சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் நாளைக்கு இந்தக் கருவிகளை வடிவமைக்கப் போகிறவர்களும், பழுது பார்க்கப் போகிறவர்களும், கடையில் நின்று விற்கப் போகிறவர்களும் நீங்கள்தான். அதனால் நம் சங்க மலரில் கிடைத்த இடத்தில் இதற்குப் பதில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

என் கட்சி இதுதான்: திரையைப் பார்க்காதவனுக்குத்தான் திரையின் வெளிச்சத்தைத் தன் கைக்குள் வைத்திருக்கும் வசதி மிகவும் அவசியம். காரணங்கள் மூன்று.

முதலாவது, மின்சாரம். எல்.சி.டி. திரைக்குத் தானாக ஒளி கிடையாது. பின்னால் எரியும் எல்.இ.டி. விளக்குதான் அதற்கு வெளிச்சம். எழுத்து வேலை செய்யும்போது பேட்டரியை அதிகம் குடிக்கும் பாகங்களில் அந்தப் பின்விளக்கும் ஒன்று. சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரி 40 வாட்-அவர். மெஷின் மொத்தம் 8 வாட் எடுத்தால் 5 மணி நேரம் ஓடும். விளக்கைக் குறைத்து அதே மெஷின் 6 வாட் எடுத்தால் 6 மணி 40 நிமிடம் ஓடும். ஒரு நூறு நிமிடம் லாபம்! கரண்ட் போன ராத்திரியில், மறுநாள் பரீட்சையை வைத்துக்கொண்டு படிப்பவனுக்கு அந்த நூறு நிமிடத்தின் அருமை தெரியும். நான் பார்க்கவே போகாத வெளிச்சத்துக்கு என் பேட்டரி ஏன் சாக வேண்டும்?

இரண்டாவது, அந்தரங்கம். நாங்கள் கம்ப்யூட்டரைக் காதால் படிப்பவர்கள். திரையில் உள்ளதைத் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் பேசிக் காட்டும். காதில் ஹெட்போன் இருக்கிறது, யாருக்கும் கேட்காது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். திரையோ ஊருக்கே கடை விரித்துக் கிடக்கும்! வீட்டிலிருந்து வந்த கடிதம், பேங்க் பாக்கி, டாக்டர் சீட்டு எல்லாம் பஸ்ஸில் பின் சீட்டுக்காரருக்கு இலவசம். கண் தெரிந்தவர் என்றால் யாராவது எட்டிப் பார்த்தால் திரையைச் சட்டென்று திருப்பிக்கொள்வார். எட்டிப் பார்ப்பதே தெரியாதவன் என்ன செய்வான்?

மூன்றாவது, பார்வையின்மை என்பது ஒரே மாதிரி இல்லை. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கண்ணாடி போட்டுத் திருத்திய பிறகும் நல்ல கண்ணின் பார்வை 3/60-க்குக் கீழே இருந்தாலோ, பார்வைப் புலம் 10 டிகிரிக்கும் குறைவாக இருந்தாலோ அதைப் பார்வையின்மை என்கிறது. ஆக, சட்டப்படி பார்வையற்றவர்களிலும் வெளிச்சம் தெரிகிறவர்கள் உண்டு, பெரிய எழுத்து மங்கலாகத் தெரிகிறவர்களும் உண்டு. கண்புரை உள்ளவர்களில் பலருக்கும், ஆல்பினிசம் உள்ளவர்களுக்கும் கூசும் வெளிச்சம் பெரிய தொல்லை. அவர்களுக்குத் திரை அளவோடு இருந்தாக வேண்டும்.

"சரிப்பா, ஒரேயடியா இருட்டாக்கி வச்சிட வேண்டியதுதானே?" என்பீர்கள். அதுவும் முடியாது. ரெக்கார்டு பார்க்க லெக்சரர் வந்து நிற்கிறார். அவருக்குத் திரை தெரிய வேண்டும். திரைவாசிப்பான் திடீரென்று வாயடைத்துப் போகிறது. பக்கத்தில் இருப்பவர்தான் திரையில் என்ன இருக்கிறது என்று படித்துச் சொல்ல வேண்டும். அப்போது திரை கறுப்பாகக் கிடந்தால் "டிஸ்பிளே அவுட்டுப்பா, சர்வீசுக்குக் கொடு" என்று முடித்துவிடுவார்கள். எனவே எங்களுக்கு வேண்டியது நினைத்தபோது கூட்டவும், நினைத்தபோது குறைக்கவும், இப்போது எந்த அளவில் இருக்கிறது என்று அறியவும் ஒரு வழி.

அந்த மூன்றாவதில்தான் சிக்கலே இருக்கிறது. ஒலியைக் கூட்டினால் காது உடனே சொல்லிவிடுகிறது. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் சொல்வார்களே, அது க்ளோஸ்ட் லூப். வெளிச்சத்தைக் கூட்டினால்? என் மெஷினில் திரையோரம் ஒரு கோடு ஏறி இறங்குமாம், கண்ணுக்கு மட்டும்தான். எனக்கு அது சுத்தமான ஓபன் லூப்! போதாக்குறைக்கு, வெளிச்சத்துக்கான சாவி ஒரு மாடலில் எஃப்-2, எஃப்-3. இன்னொன்றில் எஃப்-5, எஃப்-6. சிலவற்றில் எஃப்.என். சாவியையும் சேர்த்து அழுத்த வேண்டும். 'எஃப்', 'ஜே' எழுத்துகளில் விரலுக்குத் தட்டுப்படும் மேடு வைக்கத் தெரிந்தவர்களுக்கு, இங்கே ஒரு புள்ளி வைக்கத் தோன்றவில்லை.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே என்று போனால் வெளிச்சத்துக்கான ஸ்லைடர் கிடைக்கும். அம்புச் சாவியால் நகர்த்தினால் திரைவாசிப்பான் சதவீதத்தை வாசிக்கும். அவசரத்துக்கு இது சுற்றுவழிதான், ஆனாலும் நம்பகமான வழி.

இன்னொன்று 'ஸ்க்ரீன் கர்ட்டன்' எனப்படும் திரைச்சீலை. ஐபோனின் வாய்ஸ்ஓவரில் மூன்று விரலால் மூன்று தட்டு தட்டினால் திரை இருண்டுவிடும், போன் பேசிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டருக்கான என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானிலும் இந்த வசதி உண்டு. அதை 2006-ல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன். அவரும், அவரோடு சேர்ந்து அதை வளர்த்த ஜேம்ஸ் டெயும் பார்வையற்றவர்கள். காசு இல்லாமல் யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு விஷயத்தை இங்கே குழப்பிக்கொள்ளக் கூடாது. எல்.சி.டி. திரையில் இப்படிச் சீலை போட்டால் படம்தான் கறுப்பாகும். பின்விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டே இருக்கும். அந்தரங்கம் காப்பாற்றப்படும், பேட்டரி மிஞ்சாது. மாறாக, வெளிச்சத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கினால் பேட்டரி மிஞ்சும். ஆனால் பல மெஷின்களில் பூஜ்யத்திலும் எழுத்து மங்கலாகத் தெரியும், உற்றுப் பார்ப்பவர் படித்துவிடலாம். ஆக, எல்.சி.டி.க்கு இரண்டும் வேண்டும். ஓ.எல்.இ.டி. திரையில் மட்டும் கறுப்புப் புள்ளி என்றாலே அணைந்த புள்ளி. அங்கே ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அன்றாடம் பயன்படும் மின்னணுப் பொருட்கள் எல்லோருக்கும் பொதுவான வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதே 2016 சட்டத்தின் 42-வது பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்லிவிட்டது; கருவியைச் செய்கிறவர் கைக்கு அது வந்து சேர வேண்டுமே? அந்தக் கை நம்முடையதாக ஏன் இருக்கக் கூடாது?

எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு ஒரு யோசனை. 555 டைமரை ஏஸ்டேபிளாகப் போட்டு, இரண்டாவது ரெசிஸ்டருக்குப் பதில் ஒரு எல்.டி.ஆர். வையுங்கள். வெளிச்சம் கூடினால் எல்.டி.ஆரின் தடை குறையும், அதிர்வெண் ஏறும். சின்ன ஸ்பீக்கரை இணைத்து, எல்.டி.ஆரைத் திரைக்கு நேரே பிடித்தால், வெளிச்சம் ஏற ஏற ஒலி கீச்சென்று உயரும். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. என்னுடைய ஓபன் லூப் அன்றைக்கே க்ளோஸ்ட் லூப் ஆகிவிடும்!

கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களுக்கு இன்னொன்று. லினக்ஸில் பேக்லைட் அடைவுக்குள் 'பிரைட்னஸ்', 'மேக்ஸ் பிரைட்னஸ்' என்று இரண்டு கோப்புகள் உண்டு. முன்னதைப் பின்னதால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சதவீதம். அதை ஈஸ்பீக் வாயால் தமிழிலேயே சொல்ல வைக்கலாம். பத்து வரி ஸ்கிரிப்ட் போதும்.

இதெல்லாம் முடியாதவர்கள், லேபில் உள்ள கீபோர்டில் வெளிச்சச் சாவி மேல் ஒரு சொட்டுப் பசை வைத்துக் காயவிடுங்கள். அது போதும், விரல் கண்டுபிடித்துக்கொள்ளும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். லேபில் எங்கள் திரை இருட்டாக இருப்பதைப் பார்த்தால், பாவம் தெரியாமல் கிடக்கிறது என்று நீங்களாகவே கை நீட்டி ஏற்றிவிடாதீர்கள். "ஸ்க்ரீன் ஆஃப்ல இருக்கு, தெரிஞ்சுதான் வச்சிருக்கியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அநேகமாக, "ஆமாப்பா" என்றுதான் பதில் வரும்.