1855இல் தள்ளப்பட்ட நாடகம், 2025இல் வெட்டப்பட்ட சொற்கள்

புனே நகரில் 1855ஆம் ஆண்டு ஒரு நாடகம் எழுதப்பட்டது. பெயர் ‘திருதீய ரத்னா’. மூன்றாவது ரத்தினம் என்பது பொருள். எழுதியவர் ஜோதிராவ் புலே. அப்போது அவருக்கு வயது 28. தட்சிணைப் பரிசுக் குழுவின் முன் வைக்கப்பட்ட அந்த நாடகம் நிராகரிக்கப்பட்டது. பேஷ்வாக்கள் ஆண்டுதோறும் பார்ப்பனர்களுக்கு வாரி வழங்கிய தட்சிணையின் எச்சமே வெள்ளையர் ஆட்சியில் நூல்களுக்குப் பரிசளிக்கும் நிதியாக உருமாறியிருந்தது. குடியானவனின் வரியில் திரண்ட பணம். அதைக் கொண்டு குடியானவனைப் பற்றிய நாடகத்துக்குப் பரிசளிக்க மனம் வரவில்லை. குழுவிலிருந்த பட்டர்களின் பிடிவாதத்துக்கு முன் ஐரோப்பிய உறுப்பினர்களின் கருத்து எடுபடவில்லை என்று 1873இல் வெளிவந்த ‘குலாம்கிரி’யில் புலேயே பதிவு செய்திருக்கிறார்.

170 ஆண்டுகள் கழிந்தன. 2025 ஏப்ரலில் ‘புலே’ என்னும் இந்தித் திரைப்படம், அவரது பிறந்த நாளான 11ஆம் தேதி வெளியாவதாக இருந்தது. பார்ப்பன அமைப்புகள் ஆட்சேபம் எழுப்பின. சாவித்திரிபாய் மீது சாணம் எறியப்படும் காட்சி தங்களை இழிவுபடுத்துகிறதாம். சாணம் எறிந்தது இழிவில்லை, அதைக் காட்டுவதே இழிவு! படம் 25ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிற்று. தணிக்கை வாரியமோ அதற்கு முன்பே கத்திரியை எடுத்திருந்தது. ‘மகார்’, ‘மாங்’, ‘பேஷ்வாய்’ முதலிய சொற்களையும் மனுவின் சாதி அமைப்பு பற்றிய குறிப்பையும் நீக்கக் கோரியது. மூவாயிரம் ஆண்டு அடிமைத்தனம் என்பதைப் ‘பல ஆண்டு’ என்று மாற்றச் சொன்னது. கணக்கில்கூட எஜமானர்களுக்குச் சலுகை!

நீக்கச் சொன்ன சொற்களைச் சற்று உற்று நோக்க வேண்டும். நாடகம் எழுதப்பட்ட அதே 1855ஆம் ஆண்டில், புலே தம்பதியரின் பள்ளியில் பயின்ற முக்தாபாய் என்னும் மாங் சாதிச் சிறுமி ஒரு கட்டுரை எழுதினாள். ‘ஞானோதய’ இதழ் அதை வெளியிட்டது. மாங்குகள், மகார்களின் துயரத்தைப் பற்றியது அக்கட்டுரை; தலைப்பிலேயே இரு சாதிகளின் பெயரும் உண்டு. தன் மக்களைத் தன் வாயால் பெயர் சொல்லி அழைத்து, அவர்களுக்கு நேர்ந்த கொடுமையை அச்சில் ஏற்றியவள் அந்தச் சிறுமி. அவள் எழுதிய சொல்லைத்தான் வாரியம் ‘புண்படுத்தும் சொல்’ எனக் கருதுகிறது. புண்பட்டவர்கள் யார்? மாங்குகளா, மகார்களா? அவர்கள் எவரும் வாரியத்தின் கதவைத் தட்டவில்லை. ஒடுக்கப்பட்டவனின் பெயரை அழித்துவிட்டால் ஒடுக்கியவனின் பெயரைக் கேட்க ஆளிருக்காது என்பதே இந்தக் கத்திரியின் தர்க்கம்.

அப்படி அஞ்சும்படி அந்நாடகத்தில் என்னதான் இருக்கிறது? கதை மிகச் சிறியது. கர்ப்பிணியான ஒரு குன்பிக் குடியானவப் பெண்ணின் வீட்டுக்கு ஜோசியப் பார்ப்பனன் வருகிறான். கிரகங்கள் சரியில்லை, வயிற்றுப் பிள்ளைக்குத் தீங்கு நேரும் என்று அச்சுறுத்துகிறான். பரிகாரம் செய்ய வேண்டும், பிராமணர்களுக்குச் சோறு போட வேண்டும் என்கிறான். கணவனும் மனைவியும் கடனில் விழுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் விதூஷகன் குறுக்கே வந்து, நடப்பதன் உட்பொருளை உடைத்துக் காட்டுகிறான். பாதிரியார் ஒருவர் வாதிடுகிறார். முடிவில் அத்தம்பதியர், புலே தம்பதியர் நடத்திய இரவுப் பள்ளிக்குப் படிக்கச் செல்லத் தீர்மானிக்கின்றனர். எண்ணையும் எழுத்தையும் கண் என்று சொல்லிப் பழகிய தமிழர்களுக்கு அந்த மூன்றாவது ரத்தினம் எதுவென்று விளக்க வேண்டியதில்லை.

சமஸ்கிருத நாடகத்தில் விதூஷகன் அரசனுக்குத் தோழன். தின்பண்டத்துக்கு ஏங்குகிற பார்ப்பனன். புலே அதே பாத்திரத்தை எடுத்து, பார்ப்பனப் புரோகிதனின் ஏமாற்றை அம்பலப்படுத்தும் வேலையில் அமர்த்தினார். இதை ‘நாடகக் கலை அறியாதவரின் பிரச்சாரம்’ என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு கேள்வி. மராத்தி நாடகத்தின் தொடக்கமாக ஆண்டுதோறும் கொண்டாடப்படுவது விஷ்ணுதாஸ் பாவே 1843இல் சாங்கலி அரசரின் ஆதரவில் அரங்கேற்றிய ‘சீதா சுயம்வரம்’. அரண்மனைச் செலவில் புராணத்தை நடித்தால் அது கலை. குடியானவனின் கடனை நடித்தால் அது பிரச்சாரமா? வங்கத்தின் புகழ்பெற்ற ‘நீல் தர்ப்பண்’கூட 1860இல்தான் வந்தது. புலேயின் நாடகமோ அச்சேறவே 1979 வரை காத்திருந்தது. 124 ஆண்டுகள்! தடை உத்தரவு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. பரிசுக் குழுவின் ஒரு மறுப்பும், அதன் பிறகு இலக்கிய வரலாற்றாசிரியர்களின் மௌனமும் போதுமானவையாக இருந்தன.

பாதிரியார் பாத்திரத்தைச் சுட்டிக்காட்டி, புலே வெள்ளையரின் ஆள் என்று பேசுவோர் உண்டு. அப்பாத்திரம் நாடகத்தின் பலவீனம்தான். விதூஷகன் ஒரு வரியில் முடிப்பதைப் பாதிரியார் பக்கம் பக்கமாகப் பேசுகிறார். வெள்ளையர் ஆட்சியிடம் புலேவுக்கு நம்பிக்கை இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1883இல் எழுதிய ‘குடியானவனின் சாட்டை’யில் அதிகச் சம்பளமும் ஓய்வூதியமும் வாங்கிச் சுகபோகத்தில் திளைக்கும் வெள்ளை அதிகாரிகள் மீதும் அந்தச் சாட்டை விழுகிறது. 1888இல் கன்னாட் கோமகனுக்குப் புனேயில் அளிக்கப்பட்ட விருந்துக்கு அவர் ஏழைக் குடியானவனின் உடையில் சென்று, இந்த நாட்டின் மெய்யான மக்கள் நகைகளணிந்து இங்கே அமர்ந்திருப்பவர்கள் அல்லர் என்ற கருத்துப்பட முகத்துக்கு நேரே பேசினார். வெள்ளையரின் ஆள் செய்கிற காரியமா அது?

மேடை மறுக்கப்பட்ட நாடகாசிரியர் சும்மா இருந்துவிடவில்லை. ‘குலாம்கிரி’ முழுவதும் தோண்டிபாவுக்கும் ஜோதிராவுக்கும் இடையிலான உரையாடல். அவர் மறைவுக்குப் பின் 1891இல் வெளிவந்த ‘சார்வஜனிக சத்திய தர்மம்’ என்ற நூலும் உரையாடலே. நாடகக் கொட்டகை கிடைக்காதவர் புத்தகத்தையே கொட்டகையாக்கிக்கொண்டார். அவர் 1873இல் நிறுவிய சத்தியசோதக் சமாஜத்திலிருந்து கிராமந்தோறும் சத்தியசோதக் ஜல்சாக்கள் கிளைத்தன. பின்னர் அம்பேத்கரிய ஜல்சாக்கள் வந்தன. 1940களில் பம்பாயின் கம்யூனிஸ்ட் கலைஞர்களான அமர் ஷேக்கும் அண்ணாபாவ் சாட்டேவும் கவாண்கரும் ‘லால் பாவ்டா’ கலைக்குழுவை, அதாவது செங்கொடிக் கலைக்குழுவை, ஆலைப் பகுதிகளின் நடுவே நடத்தினர். அண்ணாபாவ் சாட்டே பிறந்தது மாங் சாதியில். வாரியம் நீக்கச் சொன்ன சொற்களில் ஒன்று அவருடைய பிறப்பின் பெயருமாகும்.

இந்த மரபுக்குப் புனே நகரம் 2012இல் மற்றோர் அத்தியாயத்தைச் சேர்த்தது. மார்க்சிய அறிஞரும் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சீனவியல் பேராசிரியராக இருந்தவருமான கோ. பு. தேஷ்பாண்டே, புலேயின் வாழ்வை ‘சத்யசோதக்’ என்னும் நாடகமாக எழுதியிருந்தார். டெல்லியின் ஜனநாட்டிய மன்றம் 1990களில் அதை இந்தியில் அரங்கேற்றியது. மராத்தியில் அதுல் பேட்டே இயக்கியபோது, நடிக்க வந்தவர்களில் பலர் புனே மாநகராட்சியின் துப்புரவுத் தொழிலாளர்கள். முன்கை எடுத்தது அவர்களுடைய தொழிற்சங்கம். பேஷ்வா ஆட்சியில் எவர் நிழலே தீட்டெனப்பட்டதோ அவர்களின் வழித்தோன்றல்கள், அதே நகரத்தின் மேடையில், மாநகராட்சியின் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த வரலாற்றைத் தாங்களே பேசினர். தேஷ்பாண்டே மறுஆண்டு அக்டோபரில் புனேயில் காலமானார். அவரது மறைவுக் குறிப்புகளில் இந்த அரங்கேற்றத்துக்கு இன்னும் அதிக இடம் கிடைத்திருக்கலாம்.

தமிழகத்துக்கு இது அயல்நாட்டுக் கதையன்று. எம். ஆர். ராதாவின் நாடகங்களை அடக்குவதற்கென்றே 1954இல் சென்னை மாகாணத்தில் நாடக நிகழ்ச்சிச் சட்டம் வந்தது. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாவென்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2013 ஆயிற்று. சட்டம் போனாலும் அனுமதிக்குக் காவல் நிலைய வாசலில் நிற்கிற வழக்கம் போகவில்லை. இதில் இடதுசாரி அமைப்புகளிடமும் ஒரு குறை உண்டு. கூட்டம் சேரும்வரை பறையடித்துப் பாடவும், பேச்சாளர் வந்ததும் மேடையை விட்டு இறங்கவும்தான் கலைக்குழு என்ற பழக்கம் பல ஊர்களில் ஊறிவிட்டது. ஏப்ரல் 11இல் புலே படத்துக்கு மாலையிடுகிற கிளைகளில் எத்தனை, அவர் எழுதிய நாடகத்தை ஒருமுறையேனும் வாசித்திருக்கின்றன? பெண்களுக்கென அவர் 1848இல் பள்ளி தொடங்கிய பிடே வாடாவை இடித்து நினைவிடம் கட்டுகிறவர்களும் மாலையிடுகிறவர்களே. மாலை போடுவதற்கு எந்தத் தணிக்கையும் இல்லை.

‘திருதீய ரத்னா’வை நடிக்கப் பெரிய செலவு இல்லை. ஒரு குடிசைத் திண்ணை, ஒரு பஞ்சாங்கம், ஏழெட்டு நடிகர்கள் போதும். பாதிரியாரின் நீண்ட வசனங்களைச் சுருக்கிக்கொள்ளலாம். விதூஷகன் வாயிலிருந்து ஒரு சொல்லையும் எடுக்கக் கூடாது.