தண்ணீர்க் குழாய் வேறு, கேஸ் குழாய் வேறு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படிக்கவும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும் சமையலறையைப் புதுப்பிக்கப் போகிறவர்களும் கட்டாயம் படிக்கவும்.

"குழாய்தானே டீச்சர், தண்ணி போனா என்ன, கேஸ் போனா என்ன?"

இந்தக் கேள்வியைச் சமீபத்தில் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒருவர் லாஸ்பேட்டையில் வீடு கட்டும் என் பழைய மாணவர். ஒருவர் எங்கள் தெருக்காரர். மூன்றாவது பதில் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே வந்தது. "பெரியம்மாவுக்கு எதிலும் குறை கண்டுபிடிக்கணும்" என்று சிரிப்புப் பொம்மையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். சிரித்தது போதும், இப்போது கேளுங்கள்.

இப்போது புதுவையில் புதுச் சமையலறை என்றாலே ஒரே மாதிரிதான். சிலிண்டரைப் பின்கட்டுக்கோ பால்கனிக்கோ மாற்றிவிட்டு, அங்கிருந்து குழாய் இழுத்து, மேடையில் பதித்த அடுப்புக்குக் கொண்டுவருகிறார்கள். சிலிண்டர் வெளியே போவது நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் குழாயை இழுப்பது யார்? பாத்ரூமில் குழாய் மாட்ட வந்த பிளம்பர். "வந்ததுதான் வந்தீங்க, இதையும் முடிச்சுக் குடுத்துடுங்க" என்று கூலியில் ஒரு தொகை கூட்டிக் கொடுத்து வேலையை முடித்துக்கொள்கிறோம்.

கேஸ் வேலை கற்காதவரிடம் கேஸ் லைனைக் கொடுப்பது தவறு. அந்தத் தவறு பிளம்பருடையது அல்ல, கூப்பிடுகிற நம்முடையது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், கசிவு. தண்ணீர்க் குழாய் கசிந்தால் சுவர் ஊறும், பெயிண்ட் உப்பும், காலில் ஈரம் படும். தண்ணீர் தானே வந்து நம்மிடம் புகார் சொல்லும். கேஸ் சொல்லாது. அதற்கு நிறமில்லை, இயற்கையில் வாசனையும் கிடையாது. நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். வயதானவர்களுக்கு மோப்பம் மங்கிப்போகும். கொரோனாவில் வாசனை தெரியாமல் போய் இன்னும் முழுதாகத் திரும்பாதவர்களும் நம் உறவிலேயே இருக்கிறார்கள்.

இரண்டாவது, எடை. சிலிண்டரில் இருக்கும் எல்பிஜி, காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில் படர்ந்து, மரப்பெட்டிகளின் அடியிலும் சாக்கடைத் துவாரத்திலும் போய்த் தங்கும். காற்றில் 2 சதவீதம் அளவுக்குக் கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். திரவமாக 1 லிட்டர் வெளியேறினால் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். கூரை ஓரம் மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் இதற்கு உதவாது. அதன் சுவிட்சைப் போடும்போது வரும் சின்னப் பொறியே போதும்.

மூன்றாவது, பிளம்பர்கள் சொல்லும் வாதம். "மொட்டை மாடி டேங்க் பிரஷரையே தாங்குற ஜாயிண்ட் டீச்சர், கேஸ் பிரஷர் அதுல இருபதுல ஒரு பங்குகூட வராது." கணக்கு சரிதான். 20 அடி உயரத்து டேங்க் தரும் அழுத்தம் எங்கே, ரெகுலேட்டர் தரும் 30 செ.மீ. நீர்மட்ட அழுத்தம் எங்கே! ஆனால் பாதிக் கணக்கோடு நின்றுவிட்டால் எப்படி? தண்ணீரின் பாகுத்தன்மை இந்த வாயுவைப் போல சுமார் 100 மடங்கு. எண்ணெய் நிற்கிற ஓட்டையில் தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலத் தண்ணீர் நின்றுவிடும் ஓட்டையில் கேஸ் தாராளமாகப் போகும். தண்ணீர் ஒழுகாத மூட்டு கேஸ் ஒழுகாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அதனால்தான் பொருளும் முறையும் வேறு. தண்ணீருக்கு ஒட்டும் பிவிசி, சிபிவிசி குழாய்கள் அடுப்படி கேஸுக்கு ஆகாது. செம்புக் குழாய் என்றால் முறையாகப் பற்றவைக்க வேண்டும். மரைக்குச் சணலும் வெள்ளை டேப்பும் சுற்றி இறுக்குவது தண்ணீர் வேலை. கேஸுக்கென்று தனி சீலன்ட் உண்டு. கேஸைத் திறப்பதற்கு முன் குழாயில் காற்றை அடைத்து, பிரஷர் மீட்டரின் முள் இறங்குகிறதா என்று நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் குழாய் இழுத்தவர் அந்த மீட்டரைக் கொண்டுவந்தாரா? தீக்குச்சி கிழித்து "பாருங்க, லீக் இல்லை" என்று காட்டியிருந்தால், அது சோதனை இல்லை, சூதாட்டம்.

"இதெல்லாம் பயமுறுத்தல்" என்பவர்களுக்கு இரண்டு வரலாறு சொல்கிறேன்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர். எண்ணெய் வளத்தால் பணம் கொழித்த ஊர், பெரிய பள்ளிக்கூடம். 1937 தொடக்கத்தில் பள்ளி நிர்வாகம் கேஸ் பில்லை மிச்சம் பிடிக்க நினைத்தது. பக்கத்து எண்ணெய்க் கம்பெனியின் கழிவு வாயுக் குழாயில் பிளம்பர்களை வைத்து இணைப்பு எடுத்துக்கொண்டது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. அது கசிந்து கட்டடத்தின் அடியில் சேர்ந்தது. மார்ச் 18 அன்று மாலை பள்ளி விடும் நேரம். தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர் மரம் தேய்க்கும் இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டார். ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகுதான் கேஸில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்று டெக்சாஸில் சட்டம் வந்தது. பொறியாளர்கள் பதிவு பெற வேண்டும் என்ற சட்டமும் அதே ஆண்டில் வந்தது. பள்ளிக்கூடத்தில் வாழ்நாளைக் கழித்தவள் நான். அந்த ஆசிரியரை நினைத்தால் எனக்கு மனசு தாங்காது. அவர் செய்தது ஒரு சுவிட்சைப் போட்டது மட்டும்தான்.

அடுத்தது லண்டன். 1968 மே 16, விடியற்காலை. ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடம், திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 18ஆம் மாடியில் ஒரு பெண் தேநீர் போடத் தீக்குச்சி கிழித்தார். வெடித்தது. கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். கட்டடம் பலவீனமாக இருந்தது தனிக்கதை. வெடிப்பு எங்கே தொடங்கியது என்று விசாரித்தபோது கிடைத்தது, அடுப்பையும் குழாயையும் இணைத்த ஒரு தரமில்லாத பித்தளை நட்டு.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் ரெட்டியார்பாளையம் புதுநகரில் 2024 ஜூன் 11 அன்று நடந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? பாதாளச் சாக்கடையிலிருந்து நச்சு வாயு கழிப்பறை வழியாக வீட்டுக்குள் வந்து, பள்ளி மாணவி ஒருத்தி உட்பட மூன்று பேரைக் கொண்டுபோனது. அது வேறு வாயு, வேறு குழாய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "குழாய்தானே" என்ற சொல்லை அதற்குப் பிறகும் புதுவைக்காரர் ஒருவர் சொல்லலாமா? முத்தியால்பேட்டையிலும் நெல்லித்தோப்பிலும் நம் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. நீங்கள் மிச்சம் பிடித்த காசுக்கு அடுத்த வீட்டுக்காரர் ஏன் பயப்பட வேண்டும்?

பிரான்சில் இருக்கும் என் மாணவர்களுக்கும் உறவுகளுக்கும் தனியாக ஒரு வார்த்தை. அங்கேயும் பிளம்பர்தான் கேஸ் வேலை செய்கிறார். ஆனால் அதற்கென்று தனியாகத் தகுதி பெற்றவர். புதிதாக கேஸ் லைன் போட்டால், சரியாக இருக்கிறது என்ற சான்றிதழ் இல்லாமல் கேஸைத் திறந்துவிட மாட்டார்கள். பிரிட்டனிலும் பதிவு பெற்றவர் மட்டுமே தொடலாம். அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. அங்கே மறுபேச்சில்லாமல் சான்றிதழ் வாங்குகிறீர்கள். விடுமுறைக்கு இங்கே வந்து கட்டும் வீட்டில் மட்டும் "ஊர்ல எல்லாரும் இப்படித்தானே" என்கிறீர்கள். இங்கே அந்த வீட்டில் இருக்கப்போவது உங்கள் அம்மா அப்பா இல்லையா?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 'அ' சொல்லித்தர என்னிடம் இரண்டு வருடப் பயிற்சியும் பட்டயமும் கேட்டார்கள். கேட்டது நியாயம். புது வீட்டுக்கு மின் இணைப்பு வேண்டுமென்றால் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் கையெழுத்து கேட்கிறார்கள். அதுவும் நியாயம். சுவர் ஓரமாகத் தீப்பிடிக்கும் வாயுவைக் கொண்டுபோகிறவரிடம் மட்டும் நாம் ஒரு துண்டுத் தாள்கூடக் கேட்பதில்லை.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும், கோபப்பட்டாலும் பரவாயில்லை. மேடைக் கல்லுக்கும் மரப்பெட்டிக்கும் லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, கேஸ் லைன் கூலியில் ஆயிரம் ரூபாய் குறைக்கப் பேரம் பேசுவது பெரும்பாலும் வீட்டு ஆண்கள். அந்தக் குழாயின் பக்கத்தில் காலையும் மாலையும் நிற்பது யார்? "இன்சூரன்ஸ் இருக்கு டீச்சர்" என்றும் ஒருவர் சொன்னார். எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துவைத்திருக்கும் காப்பீட்டில் ஓர் உயிருக்கு 6 லட்சம் ரூபாய். அந்தக் கணக்கைத் தன் மனைவியிடம் உட்கார்ந்து சொல்லிப் பார்க்கட்டும்.

குழாய் வேலை செய்யும் என் மாணவத் தம்பிகளே, நீங்களும் இதைப் படிப்பீர்கள். இது உங்களுக்கு எதிரான பதிவு இல்லை. உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "கேஸ் லைன் எனக்குத் தெரியாதுங்கன்னு சொன்னேன் டீச்சர். அப்போ பாத்ரூம் வேலையும் வேணாம்னு சொல்லி, ரெண்டையும் செய்யற ஆளைக் கூப்பிட்டுக்கிட்டாங்க." உண்மை சொன்னவருக்கு வேலை போயிற்று, தெரியாமல் தலையாட்டியவருக்கு வேலை கிடைத்தது. இதற்கு நாம்தான் வெட்கப்பட வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்தப் பிள்ளையை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அரசிடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது. மேட்டுப்பாளையம் ஐ.டி.ஐ. போன்ற இடங்களில், ஏற்கெனவே தொழிலில் இருக்கும் பிளம்பர்களுக்குக் குறுகிய கால கேஸ் பயிற்சி கொடுங்கள், கையில் ஓர் அட்டை கொடுங்கள். அவர்கள் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு கேஸ் ஏஜென்சி வாசலிலும் ஒட்டுங்கள். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல்தான் பாதிப் பேர் தெரிந்த பிளம்பரைக் கூப்பிடுகிறார்கள்.

அதுவரை நாம் செய்ய வேண்டியவை:

1. முதலில் உங்கள் ஏஜென்சியில் கேளுங்கள், அவர்களுடைய மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். வருகிறவர் யாராக இருந்தாலும், கேஸ் வேலை எங்கே கற்றார் என்று கேளுங்கள்.

2. குழாயைச் சுவருக்குள் புதைக்காதீர்கள். மூட்டுகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

3. சிலிண்டர் பக்கம் ஒரு வால்வு, அடுப்புப் பக்கம் ஒரு வால்வு. அடுப்புக்குப் பின்னால் கை எட்டாத இடத்தில் வேண்டாம்.

4. காற்று அடைத்து மீட்டர் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பிறகு மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். நெருப்பு காட்டவே கூடாது.

5. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். தரைமட்டத்தில் காற்றோட்டம் வேண்டும்.

6. ரப்பர் ஹோஸ் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ளதாக, ஒன்றரை மீட்டருக்கு மிகாமல் இருக்கட்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள்.

7. வேலை செய்தவர் பெயர், தேதி, குழாய் போகும் வழி மூன்றையும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். கையெழுத்துப் போடத் தயங்குகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

8. நாற்றம் வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகு 1906க்குப் போன் செய்யுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள்.

பிள்ளைகளே, இன்று இரவு சமையல் முடிந்ததும் அடுப்பு மேடைக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஹோஸில் என்ன ஆண்டு அச்சிட்டிருக்கிறது? குழாய் எங்கே நுழைகிறது, எங்கே வெளியே வருகிறது? யார் போட்டது? மூன்றுக்கும் பதில் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். தெரியாதவர்கள் நாளைக்கே ஏஜென்சிக்குப் போன் செய்துவிட்டு, அதையும் எழுதுங்கள். வாழ்த்துப் பூக்கள் வேண்டாம், பதில்தான் வேண்டும். பதில் எழுதாதவர்களுக்கு நானே போன் செய்வேன். டீச்சரைப் பற்றி உங்களுக்குத் தெரியும்.