மோட்டாருக்குக் கடன் உண்டு, கம்பிக்கு?

திருவள்ளூர் மாவட்டத்தில் அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை முதலிய ஊர்களில் தறியை நம்பி வாழும் குடும்பங்கள் பல. ஊத்துக்கோட்டை, பொன்னேரிப் பக்கங்களில் பயிர்த்தொழிலை நம்பியோர் பலர். தார் சுற்றும் யந்திரத்துக்கும் தோட்டத்துக் கிணற்றுக்கும் சிறு ஒற்றை ஃபேஸ் மோட்டார் வாங்க அங்கத்தினர் கடன் கேட்பது நியாயமே. ஆனால் மோட்டாருக்குக் கடன் தந்துவிட்டு, அதற்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பியை மறப்பது அரைகுறை உதவி என்பதே நமது கருத்து.

காரணம் எளிது. ஒற்றை ஃபேஸ் மின்சாரம் மோட்டாரைத் தானாகச் சுழலத் தொடங்கச் செய்யாது. அதற்காகவே துணைச்சுருளும் கண்டென்சரும் அமைக்கப்பட்டுள்ளன. ஒரு குதிரைசக்தி மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 7 ஆம்பியர் இழுக்குமாயின், புறப்படும் கணத்தில் அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 35 ஆம்பியர் வரை இழுக்கும்.

பழைய வீடுகளிலோ, விளக்குக்கும் விசிறிக்குமென இழுத்த 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியே இருக்கும். அதில் 30 மீட்டர் தொலைவிலுள்ள கொட்டகைக்கு இணைப்புக் கொடுத்தால், போக்கும் வரவுமாக 60 மீட்டர் கம்பி. புறப்படும் கணத்தில் அதிலேயே சுமார் 38 வோல்ட் வீணாகும். 230 வோல்ட் 192 ஆகக் குறையும். சுழற்றும் விசையோ வோல்ட்டின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே 100 பங்கு விசை 70 பங்காகிவிடும். அதே இடத்தில் 4 சதுர மில்லிமீட்டர் கம்பியிருந்தால் இழப்பு ஏறத்தாழ 10 வோல்ட்தான். விசை 90 பங்குக்கு மேல் நிற்கும்.

விசை போதாத மோட்டார் உறுமி நிற்கும். சுருள் சூடேறிக் கருகும். உடனே சிலர் பியூஸில் தடித்த கம்பியைச் சுற்றுகின்றனர். எரிந்து காக்கவேண்டிய பியூஸ் எரியாமற்போனால், சுவருக்குள் இருக்கும் கம்பி எரியும். வேறு சிலர் பெரிய மோட்டார் வாங்குகின்றனர். அது இன்னும் மிகுதியாக இழுத்து, இருக்கும் வோல்ட்டையும் குறைத்துவிடும்.

“தெருக்கம்பியிலேயே மின்சாரம் குறைவு, நாம் என்ன செய்வது?” என்று கேட்கலாம். சில தெருக்களில் அது உண்மையே. அறிவித்த அழுத்தத்தினின்று 6 சதவிகிதத்துக்கு மேல் மாறலாகாது என்பது விதி. ஆனால் குறை எவர் பக்கம் என்பதை அளந்தே சொல்லவேண்டும். மோட்டார் ஓடுகையில் மீட்டரண்டை ஒருமுறை, மோட்டாரண்டை ஒருமுறை வோல்ட்டை அளந்தால் போதும். மீட்டரண்டையே குறைந்திருந்தால் குறை வினியோகத்தில். மோட்டாரண்டை மட்டும் குறைந்திருந்தால் குறை நம் கம்பியில்.

கும்மிடிப்பூண்டியின் பெரிய ஆலைகள் உயர் அழுத்த இணைப்பும் சொந்த டிரான்ஸ்பார்மரும் வைத்துக்கொள்கின்றன. அளப்பதற்கென்றே ஆட்களும் அங்குண்டு. தனி நெசவாளியால் அது இயலாது. ஆயின் நூறுபேர் சேர்ந்த சங்கத்தால் ஒரு வோல்ட்மீட்டர் வாங்க இயலாதா? உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அமர்த்த இயலாதா?

ஆகவே நாம் கோருவது இதுதான். மோட்டார்க் கடனில் தகுந்த கம்பி, எர்த், மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்சு ஆகியவற்றின் செலவும் சேரவேண்டும். மின்பணியாளர் சோதித்து ஒப்பமிட்ட பின்னரே பணம் வழங்கவேண்டும். அங்கத்தினரும் கூடுதல் மின்பளுவை மறைக்காமல் பதிவு செய்யவேண்டும். பதியாத பளுவுக்காக எவரும் டிரான்ஸ்பார்மரை மாற்றித் தரமாட்டார். வினியோகக் குறை தெரிந்தவிடத்து, அளந்த கணக்குடன் தெருவார் அனைவரும் ஒரே மனுவாக எழுதவேண்டும்.

கருகிய மோட்டாருக்கும் தவணை கட்டியே ஆகவேண்டும். அந்தச் சுமையை அங்கத்தினர் தலையில் ஏற்றாதிருப்பது சங்கத்தின் கடமை.