திருட்டுப் பட்டத்தைத் திரும்பப் பெறுங்கள்

ஜப்பானின் இயந்திரக் கருவித் தொழில் உலகின் முதலிடத்துக்கு வந்த கதையைச் சென்ற இதழில் எழுதிய கட்டுரையாளர் மூன்றே காரணங்களில் அதை முடித்துவிட்டார். அமெரிக்கர் கண்டுபிடித்ததைத் திருடினார்கள். அரசாங்கம் சைக்கிள் பந்தயப் பணத்தை வாரிக் கொடுத்து, அடக்க விலைக்கும் கீழே விற்க வைத்தது. எதிர்த்துப் பேசாத தொழிலாளிகள் வாய்த்தார்கள். இதிலிருந்து அவர் நமக்கொரு யோசனையும் சொல்கிறார்: ஒரே ஒரு பெரிய நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள், இறக்குமதி வரியை ஏற்றுங்கள், அரசுப் பணத்தைக் கொடுங்கள், பத்தாண்டில் நாமும் ஜப்பான் ஆகிவிடலாம்.

மூன்று காரணங்களும் தவறு. யோசனை அவற்றைவிட ஆபத்தானது. இருபத்திரண்டு ஆண்டுகள் கோவைப் பட்டறைகளில் லேத்தின் முன்னால் நின்றவன் என்ற முறையில் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு தொழிலைக் கட்டி எழுப்பிய மனிதர்களின் உழைப்பை இரண்டு பக்கத்தில் களவு என்று எழுதிவிட்டுப் போகக் கூடாது.

முதலில் திருட்டு. எண்களைக் கொண்டு இயந்திரத்தை ஓட்டும் முறையை, பட்டறையில் நாம் என்.சி. என்று சொல்வதை, உலகுக்கு முதலில் செய்து காட்டியவர்கள் அமெரிக்கர்கள்தான். ஜான் பார்சன்ஸின் யோசனை, அமெரிக்க விமானப்படையின் பணம், எம்.ஐ.டி. ஆய்வகத்தின் உழைப்பு. 1952இல் துளையிட்ட நாடாவைப் படித்து ஒரு மில்லிங் இயந்திரம் தானே ஓடியது. ஆனால் அது மறைத்து வைத்த ரகசியம் அல்ல. பத்திரிகைக்காரர்களையும் தொழிலதிபர்களையும் கூட்டி வைத்துக் காட்டினார்கள். அறிக்கைகள் அச்சாகி வெளிவந்தன. ஊருக்கே காட்டியதைப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்குத் திருட்டு என்று பெயர் கிடையாது. ஜப்பானின் ஃபுஜிட்ஸு 1956இல் இந்த வேலையில் இறங்கியது. 1958இல் மகினோ நிறுவனம் என்.சி. மில்லிங் இயந்திரத்தைச் செய்தது. அமெரிக்கர்களுக்கு முன்னால் ஓடச் சில ஆண்டுகள் இருந்தன. அவர்கள் ஏன் ஓடவில்லை என்ற கேள்வியைக் கட்டுரையாளர் கேட்கவே இல்லை.

பதில் அமெரிக்க இயந்திரத்தின் விலையிலேயே இருந்தது. விமானப்படைக்குத் தேவைப்பட்டது இறக்கைகளின் வளைந்த பாகங்களைச் செதுக்கும் பெரிய இயந்திரம். நிரல் எழுதப் பெரிய கணினி வேண்டும், அதற்கென்று தனி ஆட்கள் வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட இயந்திரங்களை அரசே வாங்கி விமானத் தொழிற்சாலைகளில் நிறுத்தியது. செலவைப் பற்றிக் கவலைப்படாத ஒரே வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு வளர்ந்த தொழில்நுட்பம், பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அரசுப் பணம் கொட்டினால் தொழில் வளரும் என்பது கட்டுரையாளரின் வாதம். என்.சி. வரலாற்றில் அப்படிப் பணம் கொட்டிய அரசு அமெரிக்க அரசுதான். அந்தப் பணம்தான் அவர்களுடைய இயந்திரத்தைச் சிறு பட்டறைக்கு எட்டாத உயரத்தில் கொண்டுபோய் வைத்தது.

ஜப்பானில் அப்படி ஒரு விமானப்படை வாடிக்கையாளர் இல்லை. விற்க வேண்டுமானால் கார் உதிரிபாகம் செய்பவனுக்கும் பம்பு செய்பவனுக்கும்தான் விற்க வேண்டும். அவன் வாங்கக்கூடிய விலையில், அவன் ஆளே ஓட்டக்கூடிய எளிமையில், பழுதானால் உடனே சரிசெய்யக்கூடிய விதத்தில் செய்ய வேண்டும். எல்லாம் இந்த நெருக்கடியிலிருந்துதான் தொடங்கியது.

இங்கே செயுமோன் இனாபாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கட்டுரையில் அவர் பெயரே இல்லை. ஜப்பானிய இயந்திரக் கருவிகளைப் பற்றி இனாபா இல்லாமல் எழுதுவது, திருமணத்தைப் பற்றி மணமக்கள் இல்லாமல் எழுதுவது மாதிரி. ஃபுஜிட்ஸுவில் கட்டுப்பாட்டுக் கருவிகளை உருவாக்கும் பொறுப்பு 1956இல் அவரிடம் வந்தது. மூன்றாண்டு கழித்து, மின்துடிப்பையும் எண்ணெய் அழுத்தத்தையும் இணைத்து ஓடும் ஒரு மோட்டாரை உருவாக்கினார். பின்னூட்டச் சுற்று எதுவும் வேண்டாம். ஒரு துடிப்பு கொடுத்தால் இத்தனை தூரம் நகரும், அவ்வளவுதான். விலை குறைந்தது, நம்பகம் கூடியது. ஜப்பானிய என்.சி. இயந்திரங்கள் அந்த மோட்டாரின் முதுகில் ஏறித்தான் வளர்ந்தன. 1972இல் அவருடைய பிரிவு தனி நிறுவனமானது. அதுதான் ஃபனுக்.

அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி. எண்ணெயையும் மின்சாரத்தையும் குடிக்கிற, இரைச்சல் போடுகிற அந்த மோட்டாருக்கு இனி எதிர்காலம் இல்லை என்று இனாபாவுக்குப் புரிந்துவிட்டது. தன் கையால் உருவாக்கி, தன் நிறுவனத்துக்கே அடித்தளமாக இருந்த பொருள் அது. 1974இல் அதைக் கைவிட்டார். அமெரிக்காவின் கெட்டிஸ் நிறுவனத்திடம் முறையாக உரிமம் பெற்று, மின்சார சர்வோ மோட்டாருக்கு மாறினார். ஒரு பொறியாளனுக்குத் தன் கண்டுபிடிப்பைத் தானே புதைப்பதைவிடக் கடினமான வேலை இல்லை என்பது இந்தத் தொழிலில் இருந்த எவருக்கும் தெரியும். கட்டுரையாளர் திருட்டு என்று சொல்லும் இடத்தில் இருப்பது இதுதான்: கையெழுத்திட்ட ஒப்பந்தம், கட்டணம் கட்டி வாங்கிய உரிமம், அதற்கு மேலே பல ஆண்டு உழைப்பு. அதே பத்தாண்டில் மைக்ரோபிராசஸர் வந்தது. அதைக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் வைத்து விலையை இன்னும் இறக்கினார்கள். ஜப்பானின் இயந்திர உற்பத்தியாளர்களில் பெரும்பாலோர் ஃபனுக்கிடமே வாங்கியதால் அந்த நிறுவனத்தால் கட்டுப்பாட்டுக் கருவிகளை ஆயிரக்கணக்கில் செய்ய முடிந்தது. அமெரிக்காவிலோ ஒரு கம்பெனி தானே செய்யும், இன்னொன்று ஜெனரல் எலக்ட்ரிக்கிடம் வாங்கும், வேறொன்று ஆலன் பிராட்லியிடம் வாங்கும். விலை எங்கே இறங்கும்?

இனி பந்தயப் பணம். இந்தக் குற்றச்சாட்டைக் கட்டுரையாளர் எங்கிருந்து எடுத்தார் என்பதை அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 1982இல் ஹூடாய் இண்டஸ்ட்ரீஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ரீகன் அரசிடம் ஒரு மனு கொடுத்தது. ஜப்பானிய என்.சி. இயந்திரங்களை வாங்குவோருக்கு வரிச்சலுகை தரக் கூடாது, அந்த நாட்டு உற்பத்தியாளர்கள் அரசின் துணையோடு கூட்டணி கட்டியிருக்கிறார்கள், சைக்கிள் பந்தய வருமானம் அவர்களுக்குப் போகிறது என்பது மனுவின் வாதம். ரீகன் அரசு அதை 1983இல் நிராகரித்தது. தோற்றுப்போன வழக்கின் ஒரு தரப்பு வாதத்தை, தீர்ப்பைச் சொல்லாமல், வரலாறு என்று வாசகர் முன் வைப்பது நேர்மை அல்ல.

பந்தயப் பணத்திலிருந்து இயந்திரத் துறைக்கு ஒரு பங்கு போனது உண்மைதான். அது பல வகை இயந்திரத் தொழில்களுக்கும் பொதுநல வேலைகளுக்கும் பிரிந்து போன பணம். அதை வைத்து ஒரு தொழில் உலகை வென்றது என்று சொல்ல, தொழிலின் கணக்குப் புத்தகத்தை ஒருமுறைகூடப் பார்த்திராத மனம் வேண்டும்.

மனு கொடுத்த ஹூடாயின் கதையைச் சொன்னால்தான் விஷயம் துலங்கும். கலிபோர்னியாவில் ஃப்ரெட் பர்க் என்ற புலம்பெயர்ந்த கைவினைஞர் தொடங்கிய பர்க்மாஸ்டர் என்ற நல்ல டிரில்லிங் இயந்திரக் கம்பெனியை ஹூடாய் 1965இல் வாங்கியது. பட்டறை தெரிந்தவர்கள் கையிலிருந்து கணக்கு மட்டுமே தெரிந்தவர்கள் கைக்கு அது போனது. 1979இல் ஹூடாயையே கே.கே.ஆர். என்ற நிதி நிறுவனம் 35 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து, பெரும்பகுதி கடன் வாங்கிய பணத்தில், விலைக்கு எடுத்தது. அந்தக் கடனைக் கட்ட வேண்டியது யார்? இயந்திரம் செய்யும் அதே பட்டறைகள்தான். புதிய வடிவமைப்புக்குப் போக வேண்டிய பணம் வட்டிக்குப் போனது. 1985இல் பர்க்மாஸ்டர் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த ஒருவரின் மகன் மேக்ஸ் ஹாலண்ட் இதையெல்லாம் 1989இல் ஒரு முழு நூலாக எழுதியிருக்கிறார். கட்டுரையாளர் மனுவை மட்டும் படித்தார். மனு கொடுத்தவனின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

விலை குறைப்பு பற்றி ஒரு வார்த்தை. 1970களின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்தால் வந்து சேர ஓராண்டுக்கும் மேல் ஆனது. ஆர்டர் குவிந்து கிடப்பதையே பெருமையாக நினைத்தார்கள். ஜப்பானிய இயந்திரமோ கிடங்கில் தயாராக இருந்தது. சில வாரத்தில் பட்டறைக்கு வந்தது. கையில் வேலை வைத்துக்கொண்டு இயந்திரத்துக்காகக் காத்திருக்கும் முதலாளி எதை வாங்குவான்? அதோடு இன்னொன்று: 1978இல் அமெரிக்காவுக்குப் போகும் என்.சி. லேத்களுக்கும் மெஷினிங் சென்டர்களுக்கும் இந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று வரம்பு வைத்தது ஜப்பானின் வணிக, தொழில் அமைச்சகம். கீழ் விலைக்கு விற்கத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்படும் அதே அமைச்சகம்தான்.

அந்த அமைச்சகம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1956இன் இயந்திரத் தொழில் ஊக்குவிப்புச் சட்டம், குறைந்த வட்டிக் கடன், இறக்குமதிக் கட்டுப்பாடு எல்லாம் உதவின. ஆனால் அது எதை விரும்பியது? கட்டுரையாளர் நமக்குச் சொல்லும் யோசனையைத்தான் கிட்டத்தட்ட விரும்பியது. சின்னச் சின்னக் கம்பெனிகள் இத்தனை எதற்கு, ஒன்றாகச் சேருங்கள், சந்தையில் 5 சதவீதத்துக்கும் குறைவாக விற்கும் பொருளைச் செய்வதை நிறுத்துங்கள், ஆளுக்கொரு பொருளைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று 1960களில் வழிகாட்டியது. கம்பெனிகள் கேட்கவில்லை. லேத் செய்தவன் மெஷினிங் சென்டரில் இறங்கினான், மில்லிங் செய்தவன் லேத்தில் இறங்கினான். ஒருவர் சந்தையில் ஒருவர் புகுந்து அடித்துக்கொண்டதில்தான் ஆண்டுக்கு ஆண்டு இயந்திரம் மேம்பட்டது. அமைச்சகத்தின் சொல்லைக் கேட்டிருந்தால் இன்றைய பெயர்களில் பாதி இருந்திருக்காது.

அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். ஒகுமா 1898இல் நகோயாவில் நூடுல்ஸ் செய்யும் இயந்திரம் செய்து தொடங்கியது. யமாசாகி, இன்று மசாக் என்று நாம் அறிவது, 1919இல் பானை சட்டி செய்து, பிறகு தரைப்பாய் நெய்யும் இயந்திரம் செய்து, அதற்குப் பிறகுதான் லேத்துக்கு வந்தது. மோரி செய்கி 1948இல் நாரா பகுதியில் ஜவுளி இயந்திரத்தில் தொடங்கியது. யாரையும் அரசு தேர்ந்தெடுத்து முடிசூட்டவில்லை. எல்லாம் பட்டறையிலிருந்து வளர்ந்த பட்டறைகள்.

மூன்றாவதாக, எதிர்த்துப் பேசாத தொழிலாளி. இதுதான் எனக்கு அதிகம் கோபம் வரவழைத்த பகுதி. 1953இல் நிசானில் மாதக்கணக்கில் நடந்த போராட்டம் எந்த நாட்டில் நடந்தது? 1960இல் மீகே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆண்டின் பெரும்பகுதியைத் தெருவில் கழித்தது எங்கே? ஜப்பானியத் தொழிலாளி பிறவியிலேயே தலையாட்டி என்று எழுதுவது அவனுடைய வரலாற்றையும் அவமதிக்கிறது, கையையும் அவமதிக்கிறது. அந்தக் கையின் வேலையைச் சொல்கிறேன். சமதளத் தட்டில் சாயம் தடவி, இயந்திரத்தின் நகரும் தளங்களை அதில் தேய்த்துப் பார்ப்பார்கள். சாயம் ஒட்டும் இடம் மேடு. அதை உளியால் சுரண்டுவார்கள். மறுபடி சாயம், மறுபடி தேய்ப்பு, மறுபடி சுரண்டல். மைக்ரான் கணக்கில் போகும் வேலை. நம் பட்டறைகளில் ஸ்கிரேப்பிங் என்போம். ஜப்பானியர் கிசாகே என்பார்கள். கணினி வந்த பிறகும் உயர்ந்த துல்லிய இயந்திரங்களில் அவர்கள் இதை விடவில்லை. இது கீழ்ப்படிதலால் வருகிற வேலை அல்ல. பல ஆண்டுப் பழக்கமும், தவறைத் தானே கண்டுபிடித்துத் தானே திருத்தும் சுதந்திரமும் இருந்தால்தான் வரும்.

அமெரிக்கத் தொழிலில் என்.சி. வந்தபோது நிர்வாகங்களுக்கு அதில் பிடித்தது எது என்று டேவிட் நோபிள் 1984இல் ஆராய்ந்து எழுதினார். லேத் ஓட்டும் டர்னரின் அறிவை அவன் தலையிலிருந்து எடுத்து, அலுவலகத்தில் உட்காரும் நிரலாளரிடம் கொடுத்துவிடலாம் என்பதுதான் அது. ஜப்பானியர் சென்றது எதிர்த் திசையில். மசாக் 1981இல் கொண்டுவந்த மசாட்ரோல் கட்டுப்பாட்டைப் பாருங்கள். திரையில் இயந்திரம் கேட்கும்: என்ன உலோகம், என்ன விட்டம், எவ்வளவு நீளம், எங்கே மரை? டர்னர் பதில் கொடுத்துக்கொண்டே போனால் வெட்டும் பாதையை இயந்திரமே கணக்கிட்டுக்கொள்ளும். ஜாப்பை அறிந்தவனே அதை ஓட்டலாம். முதன்முதலில் அப்படி ஒரு திரையின் முன் நின்ற நாள் எனக்கு நினைவிருக்கிறது. என் கையில் இருந்த தொழிலை அது பிடுங்கவில்லை. எனக்கு இன்னொரு கை முளைத்த மாதிரி இருந்தது.

1980 வாக்கில் ஜப்பானிய இயந்திரக் கருவி உற்பத்தியில், மதிப்பில் ஏறத்தாழ பாதி என்.சி. ஆகிவிட்டது. 1982இல் அமெரிக்காவை முந்தினார்கள். 2009இல் சீனா முந்தும்வரை 27 ஆண்டுகள் அந்த இடம் அவர்களுடையது. 1986இல் அமெரிக்கச் சந்தையில் ஏறக்குறைய பாதி இறக்குமதி இயந்திரங்கள். ஏற்றுமதியைத் தாங்களாகவே குறைத்துக்கொள்ளும்படி ரீகன் அரசு ஜப்பானிடமும் தைவானிடமும் கேட்டு வாங்கியது. அந்த வேலி பல ஆண்டு நின்றது. அதன் நிழலில் அமெரிக்கத் தொழில் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. வரியை ஏற்றினால் போதும் என்பவர் இந்த ஒரு நிகழ்வையாவது விளக்கட்டும்.

தோஷிபா மெஷின் சோவியத் யூனியனுக்கு விற்ற இயந்திரங்களையும் கட்டுரையாளர் களவுப் புத்திக்குச் சான்றாகக் காட்டுகிறார். தடையை மீறி விற்றது குற்றம்தான். 1987இல் அது வெளியானபோது அமெரிக்க நாடாளுமன்றப் புல்வெளியில் உறுப்பினர்கள் தோஷிபா வானொலியைச் சம்மட்டியால் உடைத்தார்கள். ஆனால் நீர்மூழ்கியின் சுழல்விசிறியைச் செதுக்க, எந்த நாட்டிலிருந்து வேண்டுமானாலும் ரகசியமாக வாங்கத் துணிந்த சோவியத் கடற்படை தேடிப் போனது ஜப்பானின் ஒன்பது அச்சு மில்லிங் இயந்திரத்தை. வெறும் நகல் செய்பவனைத் தேடி யாரும் இவ்வளவு ஆபத்தில் இறங்க மாட்டார்கள்.

கோவையில் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், மோரி செய்கியோடு கூட்டுச் சேர்ந்து சி.என்.சி. (கணினி வைத்த என்.சி.) லேத் செய்யத் தொடங்கி முப்பது ஆண்டுக்கும் மேலாகிறது. அந்த இயந்திரங்களை வாங்கியவர்கள் யார் என்று கட்டுரையாளர் கணபதியிலும் பீளமேட்டிலும் நடந்து பார்க்கட்டும். வீட்டின் முன்பகுதியில் இயந்திரத்தை நிறுத்தி, வங்கிக் கடனைக் கட்டிக்கொண்டு, ராத்திரி ஷிப்டும் ஓட்டுகிறவர்கள் அவர்கள். ஜப்பானின் எழுச்சியில் வாடிக்கையாளனாக நின்றவனும் இதே ஆள்தான், அவன் ஊர்ப் பெயர் மட்டும் வேறு. ஒரு பெரிய நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கும் யோசனையில் இவனுக்கு இடமே இல்லை. இவனுக்கு இயந்திரக் கடன் வட்டி குறைய வேண்டும், மின்சாரம் தடையின்றி வர வேண்டும், கொடுத்த ஜாப்புக்குப் பில் பணம் தவணை தப்பாமல் வர வேண்டும்.

கட்டுரையாளர் தன் யோசனையை வைத்துக்கொள்ளட்டும். அதைப் பற்றி இன்னும் வாதிடலாம். திருட்டு என்ற சொல்லை மட்டும் அடுத்த இதழில் அவர் திரும்பப் பெற வேண்டும். ஃபனுக்கின் உரிம ஒப்பந்தம் 1974இல் இருக்கிறது. ரீகன் அரசின் நிராகரிப்பு 1983இல் இருக்கிறது. இரண்டையும் எடுத்துப் படித்துவிட்டு எழுதட்டும்.